எந்த என்ஜின் என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

போனில் நீ கேட்டதற்கு "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றால் முடியாது என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறேன் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்தவன் நீ. இந்த முறை அப்படி இல்லை, நிஜமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் யோசிக்கிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ "யம்மா, நான் சொல்றதக் கேளு" என்பாய், நானும் "சரிப்பா" என்று முடித்துவிடுவேன். அது மட்டுமல்ல, போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி. இதில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். நம் வீட்டு அம்பாசிடருக்கு வேறு என்ஜின் போட வேண்டும். உன் கல்யாணத்துக்கு முன்னால் போட்டு முடிக்க வேண்டும். அப்பாவிடம் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போவாய். முகூர்த்தம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டப வாசலுக்கு வரும்போது சாவியை அவர் கையில் கொடுப்பாய். அவர் உன்னையும் கோதையையும் பின்னால் உட்காரவைத்து, நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரத்தில் பெருமாளை ஒரு கும்பிடு கும்பிட்டுவிட்டு, ராஜபாளையம் வீடு வரைக்கும் ஓட்டி வருவார். வண்டி என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து போதும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் செய்வேன் என்றாய், அதுவரைக்கும் நிம்மதி. நீ அனுப்பிய படிவம் வந்துவிட்டது. அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், காற்றில் பறந்து அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

என் பயத்தைப் பற்றி நீயும் அவரும் செய்கிற கேலி எனக்குத் தெரியாததல்ல. மில்லில் நூல் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். என் வேலை என்ன? நன்றாக இருக்கிற நூல் சிட்டத்தை எடுத்து மெஷினில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுப்பது. எந்தப் பாரத்தில் அறுந்தது என்று பார்ப்பது. பிறகு அடுத்த சிட்டம். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பொருள் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்று மட்டுமே பார்த்த கண்ணுக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? நீ நடை பழகியபோது எல்லோரும் உன் காலைப் பார்த்தார்கள், நான் மேசையின் முனையைப் பார்த்தேன். நீ காலேஜ் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவிலுக்குப் போய்வந்த காலத்தில், பஸ் டிரைவருக்குக் கைக்குழந்தை இருக்கிறதா, ராத்திரி சரியாகத் தூங்குகிறாரா என்று அவர் வீட்டுப் பக்கம் விசாரித்தவள் நான். அது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள், இனி வெட்கப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்று வழி இருக்கிறது என்றாய். ஒன்று, இருக்கிற பெட்ரோல் என்ஜினையே பிரித்து, புது பிஸ்டன் போட்டு மறுபடி கட்டுவது. இரண்டு, பிரித்துப் போட்ட ஜீப் ஒன்றிலிருந்து டீசல் என்ஜின். மூன்று, விபத்தில் நொறுங்கிய புதுக் கார் ஒன்றின் டர்போ பெட்ரோல் என்ஜின், அதன் கியர் பாக்ஸோடு சேர்த்து. முதலாவதைச் சொல்லும்போது உன் குரல் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. மூன்றாவதுக்கு வந்ததும் கோதையைப் பார்த்துவிட்டு வந்த அன்று பேசிய குரல் வந்துவிட்டது. "யம்மா, அது இழுக்குற இழுப்ப நீ பாக்கணும்" என்றாய். இழுப்பதை நான் பார்த்தது இந்த ஜென்மத்துக்குப் போதும், தம்பி. அந்த நொறுங்கிய காரில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன ஆனார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. நீ ஹார்ஸ்பவர் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தாய், கேட்காமல் விட்டுவிட்டேன்.

வண்டி நிற்குமா என்று மட்டும் கேட்டேன். சிரித்தாய். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடுவேன், என்ஜின் உட்காரும் இடத்தில் அடிச்சட்டத்துக்கு வலுக் கொடுப்பேன், ஸ்பிரிங் மாற்றுவேன், பிரேக்குக்குப் பூஸ்டர் வைப்பேன், பஞ்சை மிதிப்பது போல இருக்கும் என்றாய். என்ஜினை மட்டும் தூக்கி வைத்துவிட்டு மற்றதை மறந்துபோகும் ஆள் இல்லை நீ, அது எனக்குப் பெருமைதான். நான் பயப்படுவதற்கு இடமே வைக்காமல் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாய். அந்தப் பூஸ்டர் ஒன்றைத் தவிர.

பெரிய மாமாவின் டீசல் வண்டி உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அப்போது நாலு வயது இருக்கலாம். என் அண்ணனும் உன் அப்பா மாதிரியே ஒரு பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருந்தான். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் பெட்ரோல் வண்டியை டீசலுக்கு மாற்றுவது ஒரு காய்ச்சல் மாதிரி பரவியது. என் அண்ணனும் ஒரு பழைய வேனின் என்ஜினை வாங்கிப் போட்டான். போட்டதிலிருந்து அந்த வண்டிக்குள் யாரும் யாரோடும் பேச முடியாது. அவன் பெண்டாட்டி, உன் அத்தை, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அண்ணன் தோளைத் தட்டி, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, நிறுத்திய பிறகு சொல்வாள். சண்டை குறைந்துவிட்டது என்று அண்ணன் அதையும் ஒரு லாபமாகத்தான் சொன்னான். புது என்ஜின் கனம் அதிகம், முன்பக்கம் மூக்கு தாழ்ந்தது. டிக்கியில் ஒரு மூட்டை மணலைப் போட்டு நிமிர்த்தினான். கனத்துக்குப் பிரேக் பத்தவில்லை என்று மெக்கானிக் ஒரு பூஸ்டரையும் மாட்டிக் கொடுத்தார்.

ஆரியங்காவில் சாமி கும்பிட்டுவிட்டு எல்லோரும் அந்த வண்டியில் திரும்பி வந்தோம். அண்ணன் ஓட்டினான், பக்கத்தில் உன் அப்பா, பின்னால் நானும் அத்தையும், என் மடியில் நீ. புளியரை இறக்கம் வந்தது. அந்தத் தலைமுறை ஆட்கள் எல்லோரும் செய்வதை அண்ணனும் செய்தான். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் வண்டியை இறங்கவிட்டான். அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த டீசல் நின்றதும் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. அத்தை அந்த அமைதியில் "அப்பாடி" என்றாள். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவது வளைவில் அண்ணன் சொன்னான், "மாப்ள, பெடல் எறங்க மாட்டேங்கு."

உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என்ஜின் ஓடினால்தான் பூஸ்டருக்கு உயிர். அணைத்த பிறகு ஒன்றிரண்டு மிதிக்குத் தாங்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். அண்ணனுக்கு அது தெரியாது. அவன் ரெண்டு காலையும் வைத்து மிதித்தான். "கீர்ல போடுங்க மச்சான், கீர்ல போடுங்க" என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மலைப்பக்கத்துப் பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. மறுபக்கம் பள்ளம். உன் இடது முழங்கையில் இருக்கிற தழும்பு, நான் உன்னை இறுக்கிப் பிடித்ததில் என் கண்ணாடி வளையல் உடைந்து குத்தியது. விளையாடும்போது விழுந்துவிட்டாய் என்று சொல்லி வைத்திருந்தேன். மலைப்பாதை என்றால் நீ பயந்து வளரக் கூடாது என்று. வீட்டில் அதற்கு ஒருத்தி போதும்.

எல்லோரும் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பாவைப் பார்த்து, "இனிமே எறக்கத்துல வண்டிய ஆஃப் பண்ணாதிய" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "நம்ம வண்டியில அந்தப் பூஸ்டர் கெடையாது. என்ஜின் ஓடுனாலும் ஓடாட்டாலும் பெடல் ஒண்ணுதான்." அது உண்மை. உண்மையாக இருப்பதுதான் கஷ்டம். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் அன்றைக்கே சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

அதனால் அவர் இன்று வரைக்கும் அணைக்கிறார். கழிவுப் பஞ்சு வியாபாரத்தில் புனலூர் மெத்தைக் கடைகளுக்குப் போய்வந்தபோது பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பழகியது. வியாபாரத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பழக்கம் விடவில்லை. மலைதான் வேண்டும் என்று இல்லை. மம்சாபுரம் ரோட்டில் கண்மாய்க் கரை ஏறி இறங்கினாலும் போதும், மேம்பாலம் என்றாலும் போதும். உச்சி வந்ததும் கை தானாகச் சாவிக்குப் போகும். அவர் நினைத்துச் செய்வதில்லை. நாம் வாசல்படியில் செருப்பைக் கழற்றுவதை நினைத்தா செய்கிறோம்? நீ பெரிய டி.வி.யில் படம் போட்டு விளக்கினாலும், ஸ்டீரிங்கில் எழுதி ஒட்டினாலும், "சரிப்பா" என்பார். அடுத்த இறக்கத்தில் கை போகும். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்குச் சொல்கிறேன், ஒருவர் கையை இன்னொருவர் மாற்றுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேல் முயற்சி செய்துவிட்டேன்.

முயற்சியில் எனக்கே முழு மனசு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உன் அப்பா பேசாத மனுஷன் என்று நீ பலமுறை குறைபட்டிருக்கிறாய். "அப்பா எங்கிட்ட பேசுனதே கெடையாதும்மா" என்பாய். அவர் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. என்ஜினை அணைத்த பிறகு, வண்டி சும்மா உருண்டு இறங்குகிறபோது, அந்தச் செத்த நேரம் அவர் பேசுவார். வியாபாரத்தை விடப் போகிறேன் என்று எனக்குச் சொன்னது இறக்கத்தில்தான். உன்னைக் கோயம்புத்தூரில் வேலைக்கு விட்டுவிட்டு வந்த அன்று, வழியில் ஓட்டலில் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்த காரணத்தையும் அப்படித்தான் சொன்னார். கிருஷ்ணன்கோவிலில் நீ ரெண்டு பேப்பர் அரியர் வைத்தாயே, வீட்டுக்குத் தெரியாமல் கட்டிப் பாஸ் பண்ணிவிட்டதாக இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அது அவருக்கு அப்போதே தெரியும். மம்சாபுரம் ரோட்டு இறக்கத்தில் சொன்னார். "பய பயந்து போயிருக்கான். நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத. அவனே எந்திரிச்சிருவான்." கீழே சமதரை வந்ததும் கிளட்சை விட்டு என்ஜினை எழுப்பிக்கொண்டார். பேச்சு நின்றுவிட்டது.

இப்போது உன் திட்டத்துக்கு வா. மண்டப வாசல். மேளம், மாலை, சொந்தக்காரர்கள், போன் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். உன் அப்பா அதுவரைக்கும் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு என்ஜின். திருவண்ணாமலை ரோட்டில் கண்மாய்க் கரை ஏறி இறங்கும் இடம் உனக்குத் தெரியும். இறக்கத்தின் அடியில் பூக்கடை, நடந்து போகிற ஜனம், ஆட்டுக்குட்டிகள். பின்னால் நீயும் கோதையும். உச்சி வந்ததும் கை சாவிக்குப் போகும். முதல் மிதிக்குப் பிடிக்கும். நான் அதற்கு மேல் எழுதவில்லை. ஆனால் அதற்கு மேல் யோசித்துவிட்டேன், தினமும் யோசிக்கிறேன். இதைச் சொல்லி உன்னைத் தடுத்துவிடலாம், படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன். பழைய என்ஜின், பழைய பிரேக், பழைய கை. எதையும் தொடாமல் விட்டால் எதுவும் அறுந்துபோகாது என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை மண்டபத்தில் சமையல்கட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோதை வீட்டில் காப்பி குடித்தோம். அவள் வாசல் வரைக்கும் வந்து, "அத்தை, அன்னைக்கு மாமாதான ஓட்டுவாங்க?" என்று கேட்டாள். நீ அவளிடம் உளறி வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. "பின்ன?" என்றார் உன் அப்பா, சிரித்துக்கொண்டு. திரும்பும்போது சனிக்கிழமையாயிற்றே என்று திருவண்ணாமலைப் பக்கம் வண்டியை விட்டார். கண்மாய்க் கரை உச்சி வந்தது. அணைத்தார். காற்றுச் சத்தம் மட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கல்யாணச் செலவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"ஏட்டி, வலது காலு மிதிக்கது தெரிய மாட்டேங்கு" என்றார்.

"எத மிதிக்கது?"

"பெடலத்தான். மிதிச்சா வண்டி நிக்கு. அத வச்சு, மிதிச்சிட்டோம் போலன்னு தெரிஞ்சுக்கிடுதேன். காலுக்குத் தெரியல."

வண்டி உருண்டுகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "கொஞ்ச நாளாத்தான்" என்றார். அவருடைய கொஞ்ச நாள் என்பது எம்புட்டு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு சொன்னார், "தம்பிட்ட சொல்லிராத. கல்யாணத்தன்னைக்கு மட்டும் ஓட்டிட்டு, நம்ம வீட்டு வாசல்ல எறங்குன ஒடனே சாவிய அவங்கையில குடுத்திருதேன். அதுக்குப் பொறவு தொட மாட்டேன்." கீழே பூக்கடை வந்தது. மிதித்தார். வண்டி நின்றது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, கால் கழுவித் தருகிறேன் என்று சாக்குச் சொல்லிப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலில் சின்னதாக ஒரு கருங்கல் சில்லு குத்தி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சிவந்து போயிருந்தது. அதோடு மண்டபம் முழுக்க நடந்திருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார். நான் எடுத்தபோதுகூட "என்ன பண்ணுத?" என்றுதான் கேட்டார். சர்க்கரை வியாதி செய்கிற வேலை இது என்று எனக்குத் தெரியும். மில்லில் என்னோடு வேலை பார்த்தவளின் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரிடம் போவோம் என்றால், "கல்யாணம் முடியட்டும்" என்கிறார். நீ அவருக்கு மண்டப வாசலில் கொடுக்கலாம் என்று ஒளித்து வைத்திருக்கிற சாவியை, அவர் உனக்கு வீட்டு வாசலில் கொடுக்கலாம் என்று ஒளித்து வைத்திருக்கிறார். ரெண்டு ரகசியமும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ரெண்டையும் காப்பாற்றினால் நடுவில் அந்த ரோட்டில் யாருக்கு என்ன ஆகும்? அதனால் அவர் சொல்லாதே என்றதை மீறி உன்னிடம் சொல்கிறேன். உன் ரகசியத்தை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, அதை நீயே சொல்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். கோபப்படாதே. புனலூரில் வண்டியை ரோட்டில் விட்டுத் தங்க வேண்டியிருந்தால், உன் அப்பா பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கிற ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாவிட்டால் எந்தத் திருடன் வந்தாலும் வண்டி கிளம்பாது. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தபோது எனக்கும் கழற்றச் சொல்லித் தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் அதைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து வண்டி கிளம்பவில்லை. அவர் பாட்டரியைப் பார்த்தார், பிளக்கைத் துடைத்தார், பெட்ரோல் பம்பைப் பிரித்து மாட்டினார். ரோட்டர் மூடியைத் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லையா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். திருடிய வீட்டிலேயே குடியிருக்கிற திருடி மாதிரி.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எந்த என்ஜின் என்று கேட்டாய். நீ அப்பா ஓட்டப்போகிற வண்டிக்கு என்ஜின் தேடிக்கொண்டிருக்கிறாய். அப்படித் தேடாதே. அப்பா உட்கார்ந்து வரப்போகிற வண்டிக்குத் தேடு. இடது பக்க சீட்டில் உட்கார்ந்து நான் இத்தனை வருஷம் வந்திருக்கிறேன், அந்த இடத்தைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஹார்ஸ்பவர் தெரியாது. சத்தம் தெரியும், உதறல் தெரியும், ஓட்டுகிறவன் அவசரப்படுகிறானா என்பது தெரியும். டீசல் வேண்டாம். உன் அத்தை தோளைத் தட்டிய கதை நம் வீட்டுக்கு வர வேண்டாம். பழையதைப் பிரித்துக் கட்டினாலும் சரி, உன் டர்போவைப் போட்டாலும் சரி, எது சத்தமில்லாமல் ஓடுமோ அதைப் போடு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கிற மனுஷன் மெல்லப் பேசினால் உனக்குக் கேட்க வேண்டும். அவர் பேசுவதற்கு நீ இறக்கம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இதைத்தான் நீ என்ஜின் விற்கிறவனிடம் கேட்க வேண்டும். அவன் உன்னை ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

பூஸ்டர், டிஸ்க் எல்லாம் நீ சொன்னபடியே போடு. ஓட்டப்போவது நீ. கல்யாணத்தன்றும் நீதான் ஓட்டுகிறாய். மாப்பிள்ளை கார் ஓட்டலாமா என்று நாலு பேர் கேட்பார்கள், கோதை பதில் சொல்லிக்கொள்வாள். என்னைவிட அவளுக்கு வாய் உண்டு. ஆனால் அப்பாவிடம் போய், "உங்க காலு சரியில்ல, நீங்க ஓட்டாதிய" என்று சொல்லாதே. அவருக்குத் தெரிந்ததைத் திரும்ப அவருக்கே சொல்லிக் கஷ்டப்படுத்தக் கூடாது. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ மகன், யோசி. எனக்கு எல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. அவர் காலை நினைத்தால் பயம், நீ அந்த டர்போவை மிதிப்பதை நினைத்தால் பயம், ரெண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவீர்களோ என்பது எல்லாவற்றிலும் பெரிய பயம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ஜின் விவரம் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பமாட்டேன், நேரில் வந்து எடுத்துக்கொள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, கடிதம் முடிந்தது என்று எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உன் அப்பா ரோட்டர் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு உள்ளே போகவும் தோன்றவில்லை, வெளியே போகவும் தோன்றவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இந்த வீட்டில் ரோட்டரைக் கழற்றத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர்தான். பிறகு மூடியை வைத்து அழுத்தினார், பானட்டை இறக்கினார், குழாயடியில் கை கழுவினார். உள்ளே வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, "காப்பி இருக்கா?" என்றார். கொடுத்தேன். குடித்து முடித்தார். பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, என் பக்கமாக மேசையில் நகர்த்தி வைத்தார்.

"வண்டிக்கு என்னன்னு தெரியல. தம்பி வந்து பாக்கட்டும்" என்றார்.

போய்ப் படுத்துக்கொண்டார். காலைப் போர்த்திவிட்டு வந்து இதை எழுதுகிறேன். லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. நாளைக்கே கிளம்பி வா.

அம்மா